கயிற்றில் வந்த நாய்

எங்கள் ஊரில் ஒரு நாயைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போனால், அது கடிக்கிற நாய் என்று அர்த்தம். கடிக்காத நாயை எவனாவது கட்டுவானா? அவிழ்த்து விட்டிருப்பான். அது பாட்டுக்கு ரோட்டில் படுத்துக் கிடக்கும், வருகிறவர் போகிறவரைப் பார்த்து வாலை ஆட்டும். கட்டியிருக்கிறார்கள் என்றால் அந்த நாய் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறது. இந்த நியாயத்தை எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் செலினா. மூங்கில்துறைப்பட்டு போகிற மில் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரெக்ஸ் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். எங்கள் நாயின் பெயர் சுக்கு. காய்ந்த இஞ்சியின் நிறம், அதே மாதிரி கோணல்மாணலான உடம்பு, பெண் நாய். மாதா கோயில் சுவர் ஓரம் இரண்டு குட்டிகளாகக் கிடந்தன. போன வருஷம் கரும்பு அரவை சமயத்தில் ஒன்று டிராக்டர் டயருக்கு அடியில் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். இன்னொன்றைத் தூக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால்தான் கயிறு. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. மில்லில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே எங்கள் ரோட்டில் டிராக்டரும் மாட்டு வண்டியும் வரிசை கட்டிவிடும். இரண்டு டிரெய்லர் கோத்துக்கொண்டு, பாட்டைக் காது கிழிய வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு எதிரே மனுஷன் நிற்பதே தெரியாது. நாயா தெரியும்? பழைய ஜீன்ஸ் துணியை மடித்துத் தைத்து நானே கழுத்துப்பட்டை செய்தேன். கடை திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் ரோடு வரைக்கும் ஒரு நடை கூட்டிப்போய் வருவேன். எனக்கும் தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்கிறது, அதற்கும் நடை தேவை.

முதல் நாளே டீக்கடை ஜெயப்பிரகாஷ் ஆரம்பித்துவிட்டான்.

“இன்னா டெய்லரம்மா, சந்தைக்கு ஓட்டிக்கினு போறியா?”

“நடக்க இட்டுக்கினு போறேன்.”

“கடிக்குமா?”

“கடிக்காது.”

“அப்புறம் இன்னாத்துக்குக் கட்டியிருக்க?”

டிராக்டர் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். மறுநாள் அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். அந்த டீக்கடை வாசலில் அவிழ்த்துவிட்ட நாய்கள் எப்போதும் கிடக்கும், ஒருவர் காலையும் தூக்குவதில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாய்க்கால் ரோட்டில் வீரமுத்து அண்ணன் இருந்தார். வாய்க்காலின் இரண்டு பக்கமும் அவருடைய கரும்புதான். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வீடு. புலி, செவலை என்று இரண்டு நாய்கள். புலிக்கு உடம்பெல்லாம் வரி. செவலை கன்றுக்குட்டி உயரம் இருக்கும். நானும் சுக்குவும் வாய்க்கால் மதகைத் தாண்டினால் போதும், இரண்டும் குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும். அவர் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பார்.

“ஒண்ணும் பண்ணாதும்மா. நீ பாட்டுக்குப் போ.”

ஒன்றும் பண்ணாதாம். யாருக்கு? அவருக்குப் பண்ணாது, சோறு போடுகிறவர். என் காலுக்கு நடுவில் புகுந்து நடுங்குகிற சுக்குவுக்கு அதை எப்படிச் சொல்வது? அவிழ்த்துவிட்ட நாய் நினைத்தால் ஓடும், நினைத்தால் பாயும். கயிற்றில் இருக்கிற நாய் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. அதை அங்கே நிற்க வைத்திருப்பது என் கை. இது அவருக்கு ஒரு நாளும் விளங்கவில்லை. கையில் குச்சி எடுத்தால், “குச்சியக் காட்டாதம்மா, அதுக்குக் கோவம் வரும்” என்பார். அவருடைய நாய்க்குக் கோபம் வரக்கூடாதாம், எனக்கு வரலாமாம்.

ஒரு நாள் நின்று கேட்டுவிட்டேன். “அண்ணா, நான் போற நேரத்துக்கு மட்டும் ரெண்டையும் கட்டி வெச்சிக்கோங்களேன். திரும்பி வந்ததும் அவுத்து வுட்டுடுங்க.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “என் நாய நான் ஏம்மா கட்டணும்? அது இன்னா தப்பு பண்ணிச்சி? கட்டி வெச்சா ஊருல நாலு பேரு இன்னா நெனைப்பாங்க? வீரமுத்து வூட்டு நாயி கடிக்குதுன்னு நெனைக்க மாட்டாங்க?”

“ஊசியாவது போட்டு வைங்கண்ணா. மாட்டாஸ்பத்திரியில போடறாங்க. சுக்குக்குப் போட்டுக்கினு வந்தேன்.”

“ஊசியா? களி துன்னு வளந்த நாயிங்கம்மா இதுங்க. உன்னுது பிஸ்கோத்து துன்ற நாயி, அதுக்கு வேணும்.”

வரப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் வேறு ரோட்டில் போயிருக்கலாம். ரெக்ஸும் அதைத்தான் சொன்னார். ஏன் போக வேண்டும்? ரோடு பஞ்சாயத்து ரோடு. அவருடைய கரும்பு வரப்புக்கு உள்ளேதான் இருக்கிறது, ரோட்டில் முளைக்கவில்லை. நான் அதே ரோட்டில்தான் போனேன்.

தை பிறந்து அரவை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, செவலை குரைப்பதை நிறுத்தியது. புலி வழக்கம்போலக் கத்திக்கொண்டு வந்தது. செவலை மட்டும் வாய்க்கால் மதகடியில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. தாடையிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. இது சரியில்லை என்று சொன்னால், “வயசாயிடுச்சி, அடங்கிடுச்சி” என்றார் வீரமுத்து அண்ணன். பெருமையாகவே சொன்னார். அடங்கின நாய் என்றால் இன்னும் நல்ல நாய்.

அடுத்த நாள் காலையில் அது ஓடிவந்தது. சத்தமே இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக வந்தது. நான் கயிற்றைச் சுருட்டிச் சுக்குவை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். செவலை எகிறியதில் என் ரவிக்கைக் கையின் தையல் பிரிந்தது, பல் சதையில் படவில்லை. அந்த நேரத்தில் மாட்டுக் கொட்டகையிலிருந்து பால் தூக்கோடு வந்தவள் ரம்யா, வீரமுத்து அண்ணனின் மருமகள். அவளுடைய புருஷன் சுபாஷ் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். “ஏய் செவல, இங்க வா” என்று அதட்டிக்கொண்டே ஓடிவந்து அதன் காதைப் பிடித்து இழுத்தாள். பாவம், தினமும் அதற்குச் சோறு வைப்பவள் அவள்தான்.

செவலை திரும்பிய வேகத்தில் அவள் கீழே விழுந்தாள். ஆடுசதையைக் கவ்வி உதறியது. நான் செருப்பைக் கழற்றி அதன் மண்டையில் அடித்தேன். விட்டுவிட்டு, அடி வாங்கின மாதிரியே இல்லாமல், கரும்புக்குள் நுழைந்து போய்விட்டது. தோகை ஆடுவது கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வீரமுத்து அண்ணன் மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தார். அவர் பார்த்தது என்ன? மருமகள் ரோட்டில் கிடக்கிறாள், காலில் ரத்தம், பால் கொட்டிக் கிடக்கிறது. புலி பக்கத்தில் நின்று வாலை ஆட்டுகிறது. நான் தலைவிரி கோலமாக நிற்கிறேன், இடுப்பில் நாய், அதன் கழுத்தில் கயிறு. அதற்கு மேல் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை.

“எனக்குத் தெரியும்மா. இது என்னிக்காவது ஒரு நாளு கடிக்கும்னு எனக்குத் தெரியும்.”

“என் நாயி இல்லண்ணா. உங்க செவல. இது என் இடுப்புல இருந்துச்சி.”

“செவலயா? செவல எங்க இருக்குது இங்க?”

“கரும்புக்குள்ள ஓடிடுச்சி.”

“கேட்டியா இத. கண்ணு முன்னாடி கயித்துல நாய வெச்சிக்கினு, இல்லாத நாயி மேல பழியப் போடறா.”

வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு கூடிவிட்டார்கள். எல்லோருடைய பார்வையும் என் கயிற்றின் மேலேயே இருந்தது. வீரமுத்து அண்ணனின் மனைவி கமலா அக்கா வீட்டிலிருந்து ஓடிவந்து மஞ்சள் தூளையும் காப்பித் தூளையும் குழைத்து அந்தப் புண்ணில் அப்பினார். “சோப்புப் போட்டுக் கழுவுங்க, மொதல்ல கழுவுங்க” என்று நான் கத்தினேன். ரம்யாவிடம், “நீ சொல்லு ரம்யா, எது கடிச்சிது?” என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். கண்ணை என் பக்கம் திருப்பவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் எவனோ, “அந்த நாய அடிச்சிப் போடுங்கடா” என்றான். சுக்குவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். “என் நாயி மேல கைய வெச்சிப் பாருங்க. எல்லா ஊசியும் போட்ட நாயி இது. உங்க நாயிங்க மாதிரி இல்ல.”

கமலா அக்கா தலையைத் தூக்கினார். “ஊசி போட்ட நாயா?”

“ஆமா, போட்டதுதான்.”

“அப்பாடா” என்றார் அவர். “ஊசி போட்ட நாயின்னா பயம் இல்ல.”

நான் சுக்குவின் உயிரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை, ரம்யாவின் காலுக்கு மருந்தாகிவிட்டது. நான் வாயைத் திறந்து திருத்துவதற்குள் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாயை இழுத்துக்கொண்டு போகவில்லை. வீரமுத்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மில்லுக்கு வண்டி அனுப்புவதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும் வரைக்கும் நிற்க வைத்தார்.

“அண்ணா, எந்த நாயி கடிச்சாலும் சரி, ரம்யாவ பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. அங்க நாய்க்கடி ஊசி சும்மாவே போடறாங்க.”

“ஊசி போட்டாச்சி” என்று கமலா அக்கா உள்ளேயிருந்து வந்தார். “கடைத்தெருவுல போட்டுக்கினு வந்துட்டோம்.”

“அது செப்டிக் ஊசிக்கா. ஆணி குத்தினா போடறது. நாய்க்கடிக்கு வேற. ஒரு தடவ போட்டா போதாது, நாலஞ்சி தடவ போவணும்.”

“ஊசி போட்ட நாயின்னு நீதான சொன்ன? அப்புறம் எதுக்கு மனுஷிக்கும் போடறது? அங்க போயி வரிசையில நின்னா ஒரு நாள் பொழப்பு போச்சி.”

“கடிச்சது என் நாயி இல்லக்கா. செவல எங்க? அதக் காட்டுங்க.”

வீரமுத்து அண்ணன் எழுந்தார். “கரும்புக்குள்ள பன்னி வாசன புடிச்சிக்கினு போயிருக்கும். அது போனா ரெண்டு நாளு வராது. இத பாரும்மா, உன் நாயி கடிச்சதுக்கு நான் பஞ்சாயத்து வெக்கல, கேஸ் குடுக்கல. பொம்பளையாச்சேன்னு பெரிய மனசு பண்ணி வுட்டிருக்கேன். அத நீ கெடுத்துக்காத.”

பெரிய மனசு! அந்த மனசை எங்கே கொண்டு போய் வைப்பது என்று கேட்க நாக்கு துடித்தது. கதவு இடுக்கில் ரம்யா நின்றிருந்தாள். காலில் துணி சுற்றியிருந்தது. அவளைப் பார்த்து, “நீயாவது வா, நான் இட்டுக்கினு போறேன்” என்றேன். கமலா அக்கா ஒரு பார்வை பார்த்தார், அவள் உள்ளே போய்விட்டாள். நான் அவளுடைய அம்மாவா, அக்காவா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவா முடியும்?

வீட்டுக்கு வந்து சோற்றுப் பாத்திரத்தை அடுப்பில் இடித்து வைத்தேன். மலையிலிருந்து ரெக்ஸ் அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“செவல வாயில எச்சி ஊத்திச்சா?”

“ரெண்டு நாளா.”

அவர் அப்படியே கீழே உட்கார்ந்தார். “மலையில ஒருத்தர அப்படி ஜீப்புல ஏத்திக்கினு வந்திருக்கேன். வெறிநாயி கடிச்சி ரொம்ப நாளு கழிச்சி அந்த நோவு வந்துது. பாட்டில்ல தண்ணி குடுத்தேன், பாத்ததுமே கத்தினாரு. நல்ல திடமான ஆளு. ஆஸ்பத்திரியில, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வூட்டுக்கு இட்டுக்கினு போங்கன்னுட்டாங்க. வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் அந்த ஊசி. வந்துட்ட பிறகு ஒண்ணுமே இல்ல.”

ரம்யாவுக்கு வயது இருபத்து நாலோ ஐந்தோ. கல்யாணத்துக்கு ரவிக்கை நான்தான் தைத்தேன். ஒரு கிழவன் தன் நாயைத் தப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக அவள் சாக வேண்டுமா? எனக்கு அழுகை வரவில்லை. பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தோம். கடித்தது எந்த நாய் என்று அங்கேயும் கேட்பார்கள், ஊரே கயிற்று நாய் என்று சொல்லும், கடிபட்டவளே வாயைத் திறக்க மாட்டாள். சுபாஷுக்கு ரெக்ஸ் போன் போட்டார். “அப்பா எல்லாம் பாத்துக்குவாரு அண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டான்.

“அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகாததுக்கு ஒரே காரணந்தான்” என்றேன். “ஊசி போட்ட நாயின்னு நான் சொன்னது.”

ரெக்ஸ் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஊசி போடலன்னு சொல்லிடப் போறேன்.”

“செலினா, யோசிச்சிப் பேசு. சொன்னா கடிச்சது நம்ம நாயின்னு நீயே ஒத்துக்கினதா ஆயிடும். சுக்குவ வுட்டு வெக்க மாட்டாங்க. கரும்புக் கழியாலயே அடிச்சிடுவாங்க.”

“அடிக்கிறதுக்கு நாயி இங்க இருந்தாத்தான?”

சுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்தது. என் நாய் ஒரு பாவமும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. செய்தவர் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பார். தப்புப் பண்ணாதவர்கள்தான் எப்போதும் விலை கொடுக்க வேண்டுமா என்று ரெக்ஸிடம் சண்டை போட்டேன், ஏதோ அவர்தான் செவலையை வளர்த்த மாதிரி. அவர் வெள்ளிமலையில் தனக்குத் தெரிந்த சின்னராசுவிடம் போனில் பேசினார்.

விடிந்ததும் ஜீப்பின் பின் சீட்டில் சுக்குவை ஏற்றினேன். அது ஊர் சுற்றப் போகிற குஷியில் இருந்தது. கயிற்றை ரெக்ஸ் கையில் கொடுத்தேன். ஜீப் திரும்பும்போது பின்பக்கக் கம்பி வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தது, நான் ஏறவில்லையே என்று. நான் அந்தப் பக்கமே பார்க்காமல் டீக்கடைக்கு நடந்தேன்.

நல்ல கூட்டம் இருந்தது. மில்லுக்கு வண்டி விட்டுவிட்டு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். வீரமுத்து அண்ணன் நடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே போய் நின்றேன்.

“அண்ணா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். என் நாய்க்கு ஊசி போடல.”

வீரமுத்து அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னா சொன்ன?”

“ஊசி போடல. முன்னாடி சொன்னது பெருமைக்கு, நேத்து சொன்னது அடிச்சிடுவாங்கன்னு பயந்துக்கினு. நாய மலைக்கு அனுப்பிட்டேன். ரம்யாவ இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க.”

அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. ஜெயப்பிரகாஷ், “அப்பவே கேட்டன் இல்ல, ஏன் கட்டியிருக்கன்னு” என்று எல்லோரிடமும் சொன்னான். ஒரு ஆள் என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினான், காலடியில் விழுந்தது. நான் நகரவில்லை. வீரமுத்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெரியவர் அவர் பக்கம் திரும்பி, “நீ ஏன்யா இன்னும் ஒக்காந்துக்கினு இருக்க? பொண்ண இட்டுக்கினு போ. ஏதாவது ஆயிடுச்சின்னா ஊரு உன்னத்தான் கேக்கும்” என்றார். அப்போதுதான் அந்த மனுஷன் எழுந்தார்.

அவர் காரை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனபோது நானும் பின்னாலேயே நடந்து போனேன், கண்ணால் பார்க்காமல் நம்புவதாக இல்லை. கமலா அக்கா பையோடு வெளியே வந்தார். பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, ஆதார் கார்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அவ்வளவு சீக்கிரத்தில் எப்படி எடுத்து வைத்தார் என்று நான் யோசித்தேன், ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ரம்யாவை ஏற்றிக்கொண்டு கார் கள்ளக்குறிச்சி ரோட்டில் திரும்பியது. நான் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி போடாத நாயை வைத்துக்கொண்டு, ஊரை ஏமாற்றி, ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். பொங்கலுக்கு என்னிடம் தைத்துப் போட்டுக்கொண்டவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோயிலில்கூட என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வீரமுத்து அண்ணன் டீக்கடையில், “விஷயம் தெரிஞ்சதும் ஒரு நிமிஷம் யோசிக்கல, கார எடுத்துட்டேன். மருமவளும் எனக்கு மவ மாதிரி” என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் அவருக்கு மரியாதை ஜாஸ்தியாகிவிட்டது.

மாசி கடைசியில் வாய்க்காலுக்கு மேற்கே இருந்த கரும்பை வெட்டினார்கள். உள்ளே செவலை செத்துக் கிடந்தது, எலும்பும் தோலுமாக. பாம்பு கடித்திருக்கும் என்று சொல்லி, வீரமுத்து அண்ணன் அங்கேயே ஒரு குழி தோண்டச் சொன்னாராம். அந்த நாய்க்கு மாலை போட்டுப் புதைத்தார்கள் என்று கேட்டபோது என் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கையில் வைத்திருப்பது நல்லதில்லை என்று தோன்றியது.

சுக்கு வெள்ளிமலையில் இருக்கிறது. ரெக்ஸ் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருவார். அங்கே டிராக்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று சின்னராசு அவிழ்த்து விட்டிருக்கிறாராம். நானும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுற்றிச் சுற்றி ஓடியது. திரும்ப ஜீப்பில் ஏறும்போது பின்னாலேயே வந்தது. அதைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. ஊசி போடாத நாய் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன், இந்த ஊரில் அதை இனி எவனும் விட்டு வைக்க மாட்டான். அடுத்த முறை வரவில்லை என்று ரெக்ஸிடம் சொல்லிவிட்டேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் ரம்யா கடைக்கு வந்தாள். கையில் ரவிக்கைத் துணி. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“கடைசி ஊசியும் எப்பவோ போட்டாச்சிக்கா. புண்ணும் ஆறிடுச்சி.”

“நல்லது” என்று டேப்பை எடுத்தேன்.

அளவு எடுக்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். “எது கடிச்சிதுன்னு எனக்குத் தெரியும்க்கா. காத புடிச்சி இழுத்ததே நான்தான. அது திரும்பினத நேராப் பாத்தேன்.”

டேப் என் கையில் அப்படியே நின்றது. “அப்ப ஏன்டி வாயத் தெறக்கல?”

“அன்னிக்கே வூட்டுக்குப் போனதும் அத்த கிட்ட சொன்னேன்க்கா. மாமாவுக்குத் தெரிஞ்சா அவரு மானம் போயிடும், யாருகிட்டயும் மூச்சு வுடாதன்னுச்சி. ராவெல்லாம் அத்தயும் தூங்கல, நானும் தூங்கல. காத்தால நீங்க டீக்கடையில சொன்னீங்கன்னு பக்கத்து வூட்டு ஆளு ஓடியாந்து சொல்லிச்சி. செவல பேச்சே எடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு அத்த ஒடனே சாமிக்கு சூடம் ஏத்திடுச்சி. அப்புறந்தான் பைய எடுத்துக்கினு வந்துச்சி.”

சூடம் ஏற்றினாராம். என் வாயில் மண் விழுந்ததற்கு அவர்கள் வீட்டில் சூடம். கமலா அக்காவுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்துத் துப்பின போதும், துணியைத் திரும்ப வாங்கின போதும், சுக்குவை மலைக்கு அனுப்பிவிட்டு நான் சாப்பிடாமல் கிடந்தபோதும், இந்த இரண்டு பேருக்கும் தெரியும். வீரமுத்து அண்ணனுக்கு மட்டும் தெரியாது. அவர் நிம்மதியாக இருக்கிறார்.

“இத எங்கிட்ட ஏன் சொல்ற? டீக்கடைக்குப் போயி சொல்லு. இன்னிக்கே சொல்லு, நான் என் நாய இட்டுக்கினு வந்துடறேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் அந்த வூட்டுலதான்க்கா இருக்கணும்.”

எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் சொல்வது பொய்யில்லை என்றும் தெரிந்தது. மீதி அளவை எடுத்தேன். துணியை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றேன். அவள் கும்பிடப் போனாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன்.

வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் வாய்க்கால் ரோட்டில் போனாள். டீக்கடையைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாக நடந்தாள். கால் நன்றாகவே ஊன்றுகிறது, நொண்டவில்லை. அவள் உயிரோடு நடந்து போவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் ஜாஸ்தி.